நிழல் பக்கத்தில் விழுந்த நிழல்

அந்தத் தெருவில் வேகமாக நடக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள், வேறு தெருக்களில் எப்படி அடித்துப் பிடித்து ஓடினாலும், முனையிலுள்ள கல்வளைவைத் தாண்டியதும் தானாக நடையைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தெரு அப்படி. நான்கு மாடி வீடுகள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் நின்றன. கீழே கடைகள், மேலே இரும்புக் கம்பி வேலை செய்த சின்னச் சின்ன மாடங்கள். சாமான் இறக்கும் வண்டிகளுக்கு முன்பக்கம் அனுமதி கிடையாது. எல்லாம் பின்சந்து வழியாகத்தான். அப்படி அலுங்காமல் குலுங்காமல் இருந்த தெருவில் சுவர்ப்பூச்சு கலக்கும் கலவைக்காரர் மட்டும் காலில் சக்கரம் கட்டியவர் போல, கையில் தூரிகையோடு குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருப்பார்.

"அவர் நடக்கறதைப் பார்த்தா எனக்கு மூச்சு வாங்குது" என்பார் கண்ணாடிக்கடைக்காரர்.

தெரு லேசாக வளைந்திருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது. நடக்க நடக்க ஒவ்வொரு வீடாக வெளியே வந்து முகம் காட்டும். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வளைவை யாரோ பெரிய கலைஞர் வரைந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் வரையவில்லை. அங்கே முன்பு ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. சுவரை இடித்து அகழிக்குள் தள்ளி மூடினார்கள். அகழி வளைந்த இடத்தில் தெரு வளைந்தது. இன்று பட்டும் நகையும் விற்கிற இடத்தின் அடியில் ஊர்ச் சாக்கடை கலந்த பழைய சேறு கிடக்கிறது. மழைக்காலத்தில் நிலவறைகளில் அதன் வாடை வரும். கடைக்காரர்கள் வாசனைத் தைலம் வைத்து அதை மறைப்பார்கள்.

நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. முதலில் இரண்டு பக்கமும் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்தன. அக்காளைக் கட்டியவர் ஒரு பக்கம், அவருடைய மச்சான் மறுபக்கம். பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் தன் பக்கத்தை வான நீலத்தில் பூசினார். மற்றவர் அதைப் பார்த்த கண் எரியட்டும் என்று தன் பக்கத்துக்குச் செங்கல் சிவப்பு அடித்தார். நீலம் மஞ்சளானது, சிவப்பு பச்சையானது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. சாமான் வாங்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் நகரசபை தலையிட்டு ஒரு விதி போட்டது. தெரு முழுக்க ஒரே நிறம், பாலாடை நிறம். புதிதாகப் பூசும்போதெல்லாம் உச்சிவேளையில் தெருவின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. மச்சான்மார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விதி இருந்தது. உரிமையாளர்கள் சங்கம் அதை நடத்தியது. அந்தச் சடங்குக்குத் தெருவில் 'உச்சிநிற்பு' என்று பெயர்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தெரு கிழக்கு மேற்காகப் போனது. ஒரு பக்கத்தில் நாள் முழுக்க வெயில். மறுபக்கத்து வீடுகளின் முகப்பில் எந்தக் காலத்திலும் வெயில் படாது. இரண்டு பக்கங்களுக்கும் ஜனங்கள் வைத்த பெயரே வெயில் பக்கம், நிழல் பக்கம் என்பதுதான். வெயில் பக்கத்தில் காப்பிக்கடை, பூக்கடை, மூக்குக்கண்ணாடிக்கடை. நிழல் பக்கத்தில் வெளுத்துப்போகக் கூடிய உயர்ந்த சரக்குகள்: பட்டு, தோல் கையுறை, மெருகேற்றிய பியானோ. அங்கே வாடகை அதிகம், குரல் தணிவு. நிழலுக்குத்தான் அந்த வாடகை.

ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பக்கமும் பூசினால் வெயில் பட்டது வெளுத்துத் தெரியும், நிழலில் இருப்பது கறுத்துத் தெரியும். ஆகவே வெயில் பக்கத்துக் கலவையில் ஒரு சிட்டிகை கரியும் காவியும் கூட்ட வேண்டும். நிழல் பக்கத்துக் கலவையைக் கொஞ்சம் வெளிர விட வேண்டும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு விடுவது என்பதுதான் கலவைக்காரரின் பிழைப்பு. "டப்பாவில் ரெண்டு, சுவரில் ஒண்ணு" என்பது அவர் வாயிலிருந்து ஓயாமல் வரும் வாசகம்.

அவர் இந்தத் தெருவுக்கு வந்தது சாரம் கட்டும் ஆளாக. ஒரே இடத்தில் உட்கார முடியாத பையன் என்று இரண்டு பட்டறைகளில் துரத்திவிட்டிருந்தார்கள். சாரத்தில் உட்கார வேண்டியதில்லை. கையுறைக் கடையின் மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு பெண் அட்டைக் கைகளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்து, "விழறதுன்னா அந்தப் பக்கம் விழுங்க. இந்த ஜன்னல் இப்பதான் துடைச்சேன்" என்றாள். அடுத்த வருஷம் கல்யாணம். அவள் இன்றும் அதே கடையில் விற்பனைப் பெண். அவர் சாரத்திலிருந்து தூரிகைக்கும், தூரிகையிலிருந்து கலவை வாளிக்கும் வந்தார். ஒவ்வொரு உச்சிநிற்பிலும் சங்கத்தார் இடமும் வலமும் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லாத ஏமாற்றத்தோடு காப்பி குடிக்கப் போவார்கள். அந்த ஏமாற்றம்தான் அவருக்குக் கிடைத்த பாராட்டு.

இந்த முறை தொடக்கமே தகராறு. பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்து சங்கத்தைப் பிடித்துக்கொண்டார். இயந்திரத்தில் கலந்த ஒரே டப்பா, தெரு முழுக்க அதுவே, ஆள்கூலி பாதி. சங்கத் தலைவி யோசித்தார். நிழல் பக்கத்தில் பியானோ கடை வைத்திருந்த அந்த அம்மாள் எதற்கும் சட்டென்று சரி சொல்லமாட்டார். கலவைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று, வழக்கம்போல் நிற்க முடியாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டே, "ஒரே டப்பான்னா உச்சிநிற்புல ரெண்டு தெரு தெரியும். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

"உங்க கலவையில ரெண்டு தெரிஞ்சா?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"தெரிஞ்சா இந்தத் தெருவுல அதுதான் என் கடைசி வாளி."

அது பதிவாயிற்று. மாதிரிப் பூச்சை இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு தடவி, உச்சிவேளையில் பார்த்து, சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்கினார். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் மாடியிலிருந்து மேலே சாரம் ஏறியது, சாரத்துக்கு மேல் வலை தொங்கியது. வேலை மாதக்கணக்கில் ஓடியது.

முதலில் வெயில் பக்கத்து வலை இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை நிழல் பக்கத்து வலையை இறக்கினார்கள். உச்சிநிற்பு வரும் வெள்ளிக்கிழமை. வலை இறங்கியதும் கலவைக்காரர் தெருவின் நடுவில் நின்று இடப்பக்கம் பார்த்தார். பாலாடை. வலப்பக்கம் திரும்பினார்.

நிழல் பக்கம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

வெளுத்து, கூசி, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டாமல், பவுடர் அதிகமாகப் போட்ட முகம் மாதிரி. கண்ணைக் கசக்கினார். காப்பிக்கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்த்தார். கல்வளைவுக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் இரண்டு தெருக்கள்.

சாரம் பிரித்துக்கொண்டிருந்த பெண் மேலேயிருந்து குரல் கொடுத்தாள். பல வருஷமாக அவரோடு வேலை செய்கிறவள். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன அண்ணே, யாரோ அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ வலையைச் சுருட்டு."

"நான் அப்பவே சொன்னேன், இந்தத் தடவை இந்தப் பக்கம் பூச்சு சீக்கிரம் காயுதுன்னு. நீங்கதான் சரக்கு மட்டம்னு சொல்லிட்டீங்க."

"சரக்கு மட்டம்தான். சுருட்டு."

அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. கண் போய்விட்டது. கலக்கிறபோதே கண் பொய் சொல்லியிருக்கிறது; மாதிரி பார்த்தபோதும் பொய் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணம் வந்ததும் சாதத்தைப் பார்த்தால் சாதத்தின் நிறத்தில் சந்தேகம், மனைவியின் சேலையைப் பார்த்தால் அதிலும் சந்தேகம். செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணாடிக்கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்கு; முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இது எத்தனை விரல்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"விளையாடாதீங்க. ஒழுங்கா பாருங்க."

அவர் ஒழுங்காகவே பார்த்தார். எழுத்துப் பலகை, புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்கள், விளக்கு. நிறத் துண்டுகளை அடுக்கச் சொன்னார். கலவைக்காரர் சீட்டு அடுக்குவது போல அடுக்கித் தள்ளினார்.

"உங்க வயசுக்கு இந்தக் கண்ணு வரம்ங்க. எனக்குத்தான் நஷ்டம்."

"நல்லாப் பார்த்தீங்களா? ஏதாவது புரை, கிரை?"

"என்ன மனுஷன் நீங்க. கண்ணு நல்லாருக்குன்னா முகம் வாடுதே."

முகம் வாடத்தான் செய்தது. கெட்ட கண்ணுக்கு மருந்து உண்டு. நல்ல கண்ணோடு தப்பாகக் கலந்தவனுக்கு என்ன மருந்து? அறிவு கெட்டுவிட்டதா? கைப்பழக்கம் கெட்டுவிட்டதா? கடையை விட்டு வெளியே வந்தபோது, கண்ணாடிக்கடைப் பூனை தெருவைக் கடந்து நிழல் பக்கத்துப் படியில் போய்ச் சுருண்டுகொண்டது. வழக்கமாக அது வெயில் பக்கத்து ஜன்னலை விட்டு நகராது. பூனைக்கும் புத்தி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனார்.

அன்றும் மறுநாளும் அவர் செய்ததெல்லாம் நடைதான். வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் தெருவில் இருப்பார். உச்சிநிற்பைக் கல்வளைவுக்கு அருகில், மரநிழலில் வைத்துக்கொள்ளலாமா என்று சங்கத்துக்குச் சொல்லிப் பார்க்கலாமா என யோசித்தார். மழை வந்தால் தள்ளிப்போடுவார்களா என்று வானத்தைப் பார்த்தார். தன் புத்தி போகிற போக்கைப் பார்த்துத் தனக்கே கூசியது. விற்பனையாளர் புதன்கிழமை தெருவை ஒரு சுற்று சுற்றினார். கலவைக்காரரைப் பார்த்ததும் தொப்பியை மட்டும் தொட்டுக்கொண்டார்.

"ஏங்க, எண்ணெய் டப்பா இருக்கா?" என்று மனைவி கேட்டது அன்று மத்தியானம்.

கையுறைக் கடையின் முகப்பில், கண்ணாடிக்கு மேலே, கித்தான் திரை ஒன்று சுருட்டிக் கிடந்தது. கடை கட்டியபோது வைத்தது. நிழல் பக்கத்தில் அதை யார் இறக்கப்போகிறார்கள்? கைப்பிடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

"இது எதுக்கு உனக்கு?"

"எத்தனை தடவை சொல்றது? ஜன்னல்ல வெச்ச கையுறை எல்லாம் ஒரு பக்கம் வெளுக்குது. கட்டைவிரல் ஒரு நிறம், சுண்டுவிரல் ஒரு நிறம். முதலாளி என்னைத்தான் கேட்பார்."

"சாயம் மட்டம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வீங்க. ஏணியில ஏறுங்க."

ஏணியைச் சாத்தி ஏறினார். கைப்பிடி சுவரோடு ஒட்டி, திரைச் சுருளுக்குப் பின்னால் எட்டாத மூலையில் இருந்தது. நேராக நின்று அதைச் சுழற்ற முடியவில்லை. திரும்பி, சுவரில் முதுகைச் சாய்த்து, தெருவைப் பார்த்தபடி கையைப் பின்னால் விட்டுத்தான் சுழற்ற முடிந்தது. எண்ணெயை விட்டார், ஊற வேண்டும் என்று காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் அது நடந்தது.

முகம் சுட்டது.

பெரிய சூடு இல்லை. அடுப்பிலிருந்து தள்ளி நிற்பவனுக்குப் படுகிற அளவு. ஆனால் அவர் நின்றது நிழல் பக்கத்தில். இத்தனை வருஷமாக இந்தச் சுவரில் அவர் ஏறியதெல்லாம் சுவரைப் பார்த்தபடி. பூச்சுக்காரன் தெருவுக்கு முதுகைத்தான் காட்டுவான். சட்டை போட்ட முதுகுக்கு இந்த மெல்லிய சூடு தெரிந்திருக்காது. அவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தார். புதிய பூச்சின் மேல், மங்கலாக, ஓரங்கள் கரைந்து, ஏணியின் நிழலும் அவருடைய தலையின் நிழலும் விழுந்திருந்தன.

நிழல் பக்கத்தில் நிழல் விழுந்து அவர் பார்த்ததில்லை. நிழல் விழ வெளிச்சம் வேண்டும்.

மறுபடி முன்னால் பார்த்தார். வெயில் பக்கத்துக் கூரைகளுக்கு மேலே, பின்தெருவில் புதிதாக எழும்பிய ஹோட்டல் நின்றது. அது ஒன்றும் அவருக்குப் புதிதில்லை. அவர் மாதிரிப் பூச்சு தடவிய நாட்களில் அது கரும்பச்சை வலைக்குள் இருந்தது. இங்கே இவர் வலைக்குள் பூசிக்கொண்டிருந்த மாதங்களில் அங்கே அது தன் வலையை உரித்துப் போட்டு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை மாட்டிக்கொண்டது. "ஆஸ்பத்திரி வெள்ளை, ரசனை கெட்ட பயல்கள்" என்று தினம் ஒரு தடவை திட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அந்த நிறத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அந்த நிறம் என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மேலே வெயிலை வாங்கி, அத்தனை பெரிய வெள்ளைச் சுவர், சத்தமில்லாமல் தெருவுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் காய்ந்த பூச்சு, வெளுத்த கையுறை, இடம் மாறிய பூனை. எல்லோரும் வந்து சொன்னார்கள். பூனைகூடச் சொன்னது.

"என்ன அங்கேயே ஒட்டிக்கிட்டீங்க? சுத்துதா இல்லையா?" என்றாள் மனைவி கீழே வாசற்படியிலிருந்து.

"இது நிழல் பக்கம் இல்லடி."

"அதைத்தான் ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

வியாழக்கிழமை காலை பியானோ கடைக்குப் போனார். கண் கெடவில்லை, கையும் கெடவில்லை என்று தெரிந்ததில் நிம்மதி வரும் என எதிர்பார்த்தார். வரவில்லை. தலைவி கடையின் உள்ளறையில், விலை உயர்ந்த பெரிய பியானோ ஒன்றின் அருகில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்தப் பியானோ முன்ஜன்னலில் இருக்கும். அந்த இடத்தில் இப்போது ஒரு பூச்சாடி.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நடந்துகொண்டே சொன்னார். மாதிரி எப்போது பார்த்தது, ஹோட்டல் வலை எப்போது இறங்கியது, இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் என்பது வரை. இந்தத் தடவை விற்பனையாளர் சொன்ன ஒரே டப்பாதான் சரியாக இருந்திருக்கும் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் நின்றார்.

"நிழல் பக்கத்தை மறுபடி பூசணும்மா. வெயில் பக்கத்துக் கலவையிலேயே."

தலைவி பியானோவின் மூடியை மெல்ல இறக்கினார்.

"இது நூத்தி சொச்சம் வருஷமா நிழல் பக்கம்."

"பேரு இருக்கும்மா. நிழல்தான் இல்ல."

"பேரை வெச்சுத்தான் இங்க எல்லாரும் கடை எடுத்திருக்காங்க. பட்டுக்கடைக்காரர், நகைக்காரர், உங்க வீட்டம்மா வேலை செய்யற கடை. நீங்க இந்தப் பக்கத்துல வெயில் வந்துடுச்சுன்னு சுவர்ல எழுதப்போறீங்களா?"

"நான் எழுதலம்மா. அது எழுதியிருக்கு."

"நாளைக்கு நிப்போம். சங்கம் பார்த்துச் சொல்லும். சொன்னதுக்கப்புறம் சுவர்ல உங்க கையால ஒரு சொட்டு பட்டாலும், இந்தத் தெருவுல உங்க வேலை முடிஞ்சுது. சரிதானே?"

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. உச்சிவேளையில் சங்கத்தார் தெருவின் நடுவில் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். சாரக்காரப் பெண் ஓரமாக நின்றாள். மனைவி கையுறைக் கடையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்தாள். எல்லாரும் இடப்பக்கம் பார்த்தார்கள். வலப்பக்கம் திரும்பியதும் கண்ணைச் சுருக்கினார்கள். சுருக்கிய கண்ணோடு மறுபடி இடப்பக்கம்.

"ரெண்டு நிறம்" என்றார் விற்பனையாளர், பின்னாலிருந்து. "குருடனுக்கும் தெரியும்."

"நீங்க விக்கிறவர். நீங்க பேசக் கூடாது" என்றார் பட்டுக்கடைக்காரர்.

"அவர் சொல்றது சரிங்க" என்றார் கலவைக்காரர்.

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. விற்பனையாளரும் பார்த்தார்; அவருக்குத்தான் அதிகக் குழப்பம்.

நகைக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

"எனக்கும்" என்றார் பட்டுக்கடைக்காரர்.

வெயில் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா, "இல்ல, அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பா..." என்று தொடங்கினாள். அவளுடைய கடைக் கட்டடம் பட்டுக்கடைக்காரருக்குச் சொந்தம். அவர் சும்மா அவள் பக்கம் திரும்பினார். "புதுசில்ல, அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கழற்றியபடியே பார்த்து, "அடடா, ஒண்ணேதான்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நிழல் பக்கத்தைத் திரும்பப் பூசணும்" என்றார் கலவைக்காரர் இன்னும் உரக்க. "தப்பு என்னோடது. வெளிச்சம் மாறினதை நான் பார்க்கல."

தலைவி அவரை நேராகப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "கலவைக்காரரே, டப்பாவில் ரெண்டு, சுவரில் ஒண்ணுன்னு சொன்னவர் நீங்க. நாங்க நம்பினோம். இப்பவும் நம்பறோம். நடுவுல உங்களுக்கு என்ன ஆச்சு?"

கைதட்டினார்கள். அடுத்த முறைக்கும் தெருவின் நிறம் அவர் பொறுப்பே என்று அங்கேயே முடிவாயிற்று. எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள். இந்த முறை யார் முகத்திலும் ஏமாற்றம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவரை முதன்முதலாக வாய்விட்டுப் பாராட்டியது அந்த நாளில்தான்.

சாயங்காலம் வீட்டில் அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போகலையே. அப்புறம் என்ன?"

"போயிருந்தா உட்கார்ந்திருப்பேன்."

"நீங்களா? உட்கார்ந்தா? நல்லா இருக்கே கதை." ஒரு சட்டையை உதறினாள். "கையுறைன்னேன், சாயம் மட்டம்னீங்க. பூச்சு காயுதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா, சரக்கு மட்டம்னீங்க. இன்னிக்கு நீங்க உண்மையைச் சொன்னீங்க, அவங்க உங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படி இருந்துச்சு?"

அவர் நடையை நிறுத்தவில்லை. வாசல்வரை போய்த் திரும்பும்போது, "அப்படித்தான் இருந்திருக்கும், இல்ல? உனக்கு" என்றார்.

"எனக்குப் பழகிடுச்சு. உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. போதாதா?"

"போதல."

"தெரியும்" என்றாள். "கித்தான் திரை இறக்கினப்போ கடைத் தூண்ல ஒரு கீறல் விழுந்திருக்கு. அதை யாராவது சரி பண்ணணும். முதலாளிகிட்ட கேட்டுட்டேன்."

அவர் நின்றார்.

சனிக்கிழமை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் பக்கத்துக் கலவையில் மிஞ்சிய வாளியோடு அவர் கையுறைக் கடையின் முன்னால் ஏணியைச் சாத்தினார். கீறல் விரல் நீளம். அதை மட்டும் தொட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். தூண் முழுவதையும் அடித்தார், அடியிலிருந்து முதல் மாடி விளிம்பு வரை. பூச்சு வேகமாகக் காய்ந்தது. காயக் காய, வெளுத்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தில் அந்த ஒரு தூண் மட்டும் அழுக்குப் படிந்தது போல் நின்றது.

"ஐயையோ, இந்தக் கடை மட்டும் என்ன இப்படிக் கறுத்துப் போச்சு" என்றாள் வழியில் போன ஒருத்தி.

நகைக்காரர் தன் வாசலிலிருந்து, "துடைச்சு விடுங்கப்பா, பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்றார்.

மனைவி கடைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு ஒற்றைக் கையுறை இருந்தது. கடை நேரத்தில் அவள் வாசற்படியைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. தெருவின் நடுவுக்குப் போய், முந்தினநாள் சங்கத்தார் நின்ற இடத்தில் நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம், அந்தத் தூணைப் பார்த்தாள். பொருத்தமான ஜோடி தேடுகிறவள் போல மறுபடி இரண்டையும் பார்த்தாள்.

"இது அதோட ஜோடிதான்" என்றாள்.

மூன்று கடை தள்ளி, பியானோ கடையின் வாசலில் தலைவி வந்து நின்றிருந்தார். அவரும் தூணைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். திரும்பவும் தூணை, கொஞ்சம் அதிக நேரம். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கலவைக்காரரை நோக்கித் தலையை இடமும் வலமும் ஒரு முறை அசைத்தார். அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கீறலை மூடியதோடு சரி. இதற்கு மேல் ஒரு சொட்டு என்றால் வெளியே.

கலவைக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். தூரிகையை வாளியின் விளிம்பில் வழித்தார். தெருவில் நடக்கிறவர்கள் வழக்கத்தைவிட இன்னும் மெதுவாக நடந்தார்கள், சிலர் நின்றேவிட்டார்கள். அவர் ஏணியைத் தோளில் தூக்கினார். அடுத்த தூண் பட்டுக்கடையுடையது. அங்கே கொண்டுபோய்ச் சாத்தினார்.

மனைவி கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"விழறதுன்னா அந்தப் பக்கம் விழுங்க" என்றாள்.

அவர் ஏறினார்.